ஆமிஷ் மரத்தளபாடங்கள்: மரபும் சந்தையும் – ஒரு சமூகவியல் நோக்கு

1

கலை, கைவினை ஆகியன பற்றிய உரையாடல்களிலே மரபு என்னும் சொல் மிகுதியாகப் பயன்படுவது. விசாரணைக்கு மிகக் குறைவாகவே உட்படுவது. ஒரு பொருள் மரபுவழிப்பட்டது என்று கூறப்படும்போது, அது எவருடைய மரபு, எக்காலத்து மரபு, இன்று அம்மரபினாற் பயன்பெறுவோர் யாவர் என்னும் வினாக்கள் பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. இவ்வினாக்களை எழுப்புவதற்கு, ஐக்கிய அமெரிக்காவிலே ஆமிஷ் தளபாடம் என்னும் பெயரில் விற்கப்படும் மேசை, கதிரை, கட்டில், அலுமாரி முதலிய மரப்பொருள்கள் தக்கதோர் எடுத்துக்காட்டாக அமைகின்றன.

ஓக், செரி, மேப்பிள், ஹிக்கரி ஆகிய திண்மரங்களாற் செய்யப்படும் இப்பொருள்கள், மின்சாரத்தையும் மோட்டார் வண்டியையும் விலக்கி வாழும் ஒரு சமயக் குழுவினரின் கைவேலை என்றும், பல தலைமுறைகளாக மாறாது வந்த வடிவங்கள் என்றும் விளம்பரஞ் செய்யப்படுகின்றன. இவ்விளம்பரத்தை ஆராய்வோர் மூன்று உண்மைகளை எதிர்கொள்வர். இப்பொருள்களின் வடிவங்களுட் பெரும்பாலானவை ஆமிஷ் மக்கள் ஆக்கியவையல்ல. அவை உற்பத்தி செய்யப்படும் முறையும் கைவேலை என்னும் சொல் நம் மனத்தில் எழுப்பும் முறையன்று. ஆயினும் அப்பெயர் முற்றிலும் பொய்யென ஒதுக்கத்தக்கதுமன்று. இம்மூன்றும் ஒருங்கே உண்மையாயிருத்தல் எவ்வாறு என்பதை விளக்க முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

ஆமிஷ் மக்களின் வரலாறு ஐரோப்பியச் சமயச் சீர்திருத்தக் காலத்திலே வேர்கொண்டது. 1525 ஆம் ஆண்டு சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரிலே, குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் வழங்குதலை மறுத்து, வயதுவந்தோர் தாமே விரும்பிப் பெறும் ஞானஸ்நானமே ஏற்புடையது எனக் கொண்ட ஒரு குழுவினர் தோன்றினர். எதிரிகளால் மறுஞானஸ்நானத்தார் என அழைக்கப்பட்ட இவர்களின் மறுப்பு வெறுஞ் சடங்கு பற்றியதன்று. பிறக்கும் குழந்தையைத் திருச்சபையின் உறுப்பாகவும் அரசின் குடியாகவும் ஒருசேரப் பதிந்துகொள்ளும் சமூக ஒழுங்கையே அது கேள்விக்குள்ளாக்கியது. அதே 1525 இலேதான் ஜேர்மானிய விவசாயிகளின் பேரெழுச்சி இரத்த வெள்ளத்திலே நசுக்கப்பட்டது. சமய மொழியில் வெளிப்பட்ட வர்க்க முரண்பாடுகளை 1850 இல் எழுதிய 'ஜேர்மனியில் விவசாயிகள் யுத்தம்' என்னும் நூலில் விளக்கிய ஏங்கெல்ஸ், மறுஞானஸ்நானத்தாரையும் அவ்வெழுச்சியின் சூழலில் வைத்தே நோக்கினார்.

விவசாயிகளின் தோல்விக்குப் பின்னர், 1534–35 இல் மூன்ஸ்ரர் நகரிலே ஆயுதமேந்தி ஆட்சியமைத்த மறுஞானஸ்நானத்தாரும் அழிக்கப்பட்டனர். எஞ்சியோரிடையே, ஆயுதம் ஏந்தாமையும் உலகினின்று ஒதுங்கி வாழ்தலுமே நிலையான நெறிகளாயின. 1693 இல், இவ்வொதுக்கத்தை இன்னும் கண்டிப்பாகப் பேணவேண்டும் என வாதிட்ட யாக்கோப் அம்மன் என்பவரின் வழியிலே பிரிந்தவர்களே ஆமிஷ் எனப் பெயர்பெற்றனர். பதினெட்டாம் நூற்றாண்டிலே இவர்கள் பென்சில்வேனியாவிற் குடியேறத் தொடங்கினர். ஐரோப்பாவிலே இறுதியாக எஞ்சியிருந்த ஆமிஷ் சபையும் 1937 இல் மெனோனைற் சபையோடு இணைந்துவிட்டது. வட அமெரிக்காவிலோ, 2024 ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி அவர்தம் தொகை ஏறத்தாழ 4 இலட்சமாகும். பென்சில்வேனியாவின் லங்காஸ்ரர், ஒஹாயோவின் ஹோம்ஸ் ஆகிய மாவட்டங்களும் அவற்றின் அயலும், இந்தியானாவின் வடபகுதியும் அவர்களின் பெருங் குடியிருப்புக்களாகும்.

ஆமிஷ் சமூகத்துக்குத் தலைமைப்பீடம் எதுவும் இல்லை. ஏறத்தாழ இருபது முதல் நாற்பது வரையான குடும்பங்களைக் கொண்ட சபை வட்டமே அதன் அடிப்படை அலகு. ஒவ்வொரு வட்டத்துக்கும் ஓர்ட்நுங் எனப்படும் ஒழுங்குவிதி உண்டு. உடையின் நிறம் முதல் பட்டறையிற் பயன்படுத்தத்தக்க இயந்திரம் வரை யாவும் அதனுள் அடங்கும். பெரும்பாலும் வாய்மொழியாகப் பேணப்படும் இவ்விதி, ஆண்டுக்கு இருமுறை நற்கருணை ஆராதனைக்கு முன்னர் சபையோராற் கலந்துரையாடி உறுதிப்படுத்தப்படுகின்றது. இயந்திரம் பற்றிய முடிவு தனியொருவரின் வசதியையோ இலாபத்தையோ மட்டும் பொறுத்ததன்று என்னும் இவ்வுண்மை பின்னர் நாம் கூறப்போவனவற்றுக்கு அடிப்படையாதலின், இங்கு மனங்கொள்ளத்தக்கது.

3

ஆமிஷ் மக்கள் தம் வாழ்க்கைக்கென ஆக்கிக்கொண்ட தளபாடம் யாது? இவ்வினாவுக்கு விடைகாண விற்பனைக் கூடங்களைவிட அவர்களின் வழிபாட்டை நோக்குதல் பயனுடையது. அவர்களுட் பெரும்பாலோருக்குக் கோயிற் கட்டடம் இல்லை. இரு கிழமைக்கு ஒருமுறை ஞாயிறு வழிபாடு, முறைவைத்து, ஒவ்வொரு குடும்பத்தின் இல்லத்திலே நடைபெறும். அதற்கு வேண்டிய சாய்மானமற்ற நீண்ட வாங்குகள் சபை வட்டத்தின் பொதுச்சொத்து. அவற்றை ஏற்றிச் செல்வதற்கென்றே தனிக் குதிரை வண்டி ஒன்று உண்டு. வழிபாடு முடிந்ததும் அதே வாங்குகள் தாங்கிகளின்மேல் இணைத்துவைக்கப்பட்டு உணவு மேசைகளாகின்றன. அவற்றிற்கு விலை இல்லை. செய்தவர் பெயர் இல்லை. பாணிப் பெயரும் இல்லை. பாவனைப் பெறுமதி மட்டுமே கொண்ட ஒரு பொருளுக்கு இதனினும் தெளிவான சான்று கிடைத்தல் அரிது. ஆமிஷ் தளபாடம் என்னும் பெயருக்கு முழுவுரிமை கொண்டவை உண்டெனில், அவை இவ்வாங்குகளே. ஆனால், சந்தையின் விலைப்பட்டியல்களில் முதலிடம் பெறுவன இவையல்ல.

இதிலிருந்து ஆமிஷ் இல்லங்கள் அழகை முற்றாகத் துறந்தவை என்று முடிவுசெய்தல் தவறாகும். அவர்களின் விதி கண்டிப்பது செருக்கை, வண்ணத்தை அன்று. லங்காஸ்ரர் மாவட்டத்தில் வாழ்ந்த ஹென்றி லாப் (1862–1904) என்னும் ஆமிஷ் தச்சர் இதற்குச் சிறந்த சான்றாவார். செவிப்புலன் அற்றவரான அவர், தாம் செய்யக்கூடிய அலுமாரிகள், பெட்டகங்கள், மேசைகள் முதலியவற்றை வண்ண ஓவியங்களாகத் தீட்டி ஒரு கைப்புத்தகமாக வைத்திருந்தார். அது இன்று பிலடெல்பியாக் கலை அருங்காட்சியகத்திலே பாதுகாக்கப்படுகின்றது. நேர்கோடுகளால் அமைந்த எளிய வடிவமும் துணிவான நிறமும் அவ்வோவியங்களிலே இணைந்து காணப்படுகின்றன. பழுப்பு நிற மரமும் பளபளக்கும் வார்னிசுமே ஆமிஷ் அழகியல் என்று பழக்கப்படுத்தப்பட்ட இன்றைய கொள்வனவாளருக்கு அவை வியப்பளிக்கும்.

இன்னொரு மயக்கமும் இங்கு களையப்படவேண்டும். துலிப் மலர், இதயம், இணைப்பறவை முதலிய கோலங்கள் தீட்டிய பெட்டகங்களும், களஞ்சியச் சுவர்களில் வரையப்பட்ட வட்ட நட்சத்திரங்களும் ஆமிஷ் அலங்காரங்கள் எனச் சுற்றுலாக் கடைகளில் விற்கப்படுகின்றன. உண்மையில் இவை பென்சில்வேனியாவிற் குடியேறிய ஜேர்மன் மொழியினருள் பெரும்பான்மையோரான லூதரன், சீர்திருத்தச் சபையினரின் வழக்காறுகளிலே தழைத்தவை. அம்மொழியினர் அனைவரும் பென்சில்வேனிய டச்சுக்காரர் என ஒரே பெயரால் வழங்கப்பட்டமையும் (இவர்கள் ஒல்லாந்தர் அல்லர்), லங்காஸ்ரர் பிரதேசம் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து பெருஞ் சுற்றுலாத் தலமாக வளர்ந்தமையும் இம்மயக்கத்துக்கு வழிகோலின. எளிமையைப் பேணிய சிறுபான்மையினரின் பெயரும், அலங்காரத்தைப் போற்றிய பெரும்பான்மையினரின் கோலமும் விற்பனைப் பொருளிலே ஒன்றாயின.

4

இனி, ஆமிஷ் தளபாடம் என்று சந்தையிலே விற்கப்படும் பாணிகளை நோக்குவோம். அவற்றுள் மிஷன், ஷேக்கர், ஆன் அரசி ஆகிய மூன்றும் முதன்மையானவை. மூன்றும் வேறு இடங்களிலே, வேறு சமூகத் தேவைகளிலிருந்து பிறந்தவை.

மிஷன் பாணி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே அமெரிக்காவிற் பரவியது. அதன் மூலவர்களுள் ஒருவரான குஸ்ராவ் ஸ்ரிக்லி (1858–1942), 1901 இல் 'த கிராவ்ற்ஸ்மன்' என்னும் சஞ்சிகையைத் தொடங்கியபோது முதலாவது இதழை வில்லியம் மொறிசுக்கும் இரண்டாவது இதழை ஜோன் ரஸ்கினுக்கும் அர்ப்பணித்தார். மரக்குற்றியை அதன் நடுவை நோக்கி ஆரைவாக்கில் அரிந்து பெற்ற ஓக் பலகைகளும், பூச்செதுக்கல் இன்மையும், துளையினூடு புறத்தே தெரியுமாறு விடப்பட்ட மூட்டு நாக்குகளும் இப்பாணியின் சிறப்பியல்புகளாகும். மூட்டை மறையாது காட்டுவது, பொருளிலே அடங்கியுள்ள உழைப்பை மறையாது காட்டுவதற்கு ஒப்பானதெனக் கருதப்பட்டது. இதன் வேர் மொறிசின் சோஷலிசத்திலே உள்ளது. முதலாளித்துவ உற்பத்தி உழைப்பின் இன்பத்தைத் தொழிலாளியிடமிருந்து பறித்துவிட்டது என்பதே அவரின் குற்றச்சாட்டு. ஆனால், ஸ்ரிக்லியின் பொருள்களோ இயந்திரங்கள் நிறைந்த தொழிற்சாலையிலேயே செய்யப்பட்டு நடுத்தர வர்க்கத்தினருக்கு விற்கப்பட்டன. 1915 இல் அந்நிறுவனம் வங்குரோத்தாயிற்று. சோஷலிச விமர்சனம் ஒரு பாணியாகச் சுருங்கி, பின்னர் அப்பாணி ஓர் ஒதுங்கிய சமயக் குழுவின் பெயரைச் சூடிக்கொண்டமை கருத்துநிலை வரலாற்றிலே கவனிக்கத்தக்கதொரு திருப்பமாகும்.

ஷேக்கர் பாணி வேறோரு சமயக் குழுவுக்கு உரியது. 1774 இல் ஆன் லீ என்னும் பெண்ணின் தலைமையில் இங்கிலாந்திலிருந்து அமெரிக்கா சென்ற ஷேக்கர் குழுவினர் துறவு நெறியையும் சொத்துப் பொதுமையையும் கடைப்பிடித்தவர்கள். ஆமிஷ் மக்களோ குடும்ப வாழ்வினர், தனியுடைமையை ஏற்பவர்கள். இருசாராரையும் எளிமை என்னும் ஒரே சொல்லால் இணைப்பது இவ்வடிப்படை வேறுபாட்டை மறைக்கின்றது. ஏங்கெல்ஸ் தம் இளமைக்காலக் கட்டுரையொன்றிலே, பொதுவுடைமைக் குடியிருப்புக்கள் நடைமுறைச் சாத்தியமானவை என்பதற்குச் சான்றாக ஷேக்கர் குழுவினரைச் சுட்டியிருப்பது இங்கு நினைவுகூரத்தக்கது. 1870களில் ஷேக்கர் குழுவினரே கதிரைகளைப் பெருமளவிற் செய்து விலைப்பட்டியல் வெளியிட்டு விற்றனர். போலிகளிலிருந்து வேறுபடுத்துவதற்காக வணிக முத்திரையும் பொறித்தனர். இன்று அக்குழு மேய்ன் மாநிலத்தில் விரல்விட்டு எண்ணத்தக்கோராகச் சுருங்கிவிட, அதன் பாணி ஆமிஷ் பட்டறைகளிலே வாழ்கின்றது.

மூன்றாவதான ஆன் அரசி பாணி, 1702 முதல் 1714 வரை ஆண்ட இங்கிலாந்து அரசியின் பெயரைத் தாங்கியது. வளைந்து வெளித்தள்ளி மீண்டும் உட்குவியும் கால்களைக் கொண்ட அதன் கதிரைகள், பதினெட்டாம் நூற்றாண்டு அமெரிக்கக் குடியேற்றங்களிலே செல்வர்களின் வரவேற்பறைகளை அணிசெய்தவை. எளிமைக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. இதுவும் ஆமிஷ் பெயரில் விற்கப்படுகின்றது என்பது, அப்பெயர் ஒரு வடிவத்தைக் குறிப்பதன்று என்பதை ஐயமற நிறுவுகின்றது.

இவ்விடத்திலே நம் நாட்டவர் ஒருவரை நினைவுகூர்தல் பொருந்தும். கொழும்பிலே பிறந்த ஆனந்த குமாரசுவாமி, மொறிசின் வழிவந்த கைவினை இயக்கத்தோடு நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தார். 1908 இல் வெளிவந்த அவரது 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்னும் நூல், மொறிஸ் பயன்படுத்திய அச்சுப்பொறியிலேயே அச்சிடப்பட்டது. பிற்காலத்தில் பொஸ்ரன் அருங்காட்சியகத்திற் பணியாற்றியபோது, 1939 இல் ஷேக்கர் தளபாடம் பற்றிய நூலொன்றுக்கு மதிப்புரையும் எழுதினார். அழகு பயன்பாட்டினின்றும் வாழ்க்கை நெறியினின்றும் பிரிக்கவொண்ணாதது என்பது அவரின் நெடுநாளைய நிலைப்பாடு. அந்நிலைப்பாட்டின் வலிமை, கலையைத் தனியொருவரின் மேதைமையாகக் காணும் நோக்கை மறுத்ததிலே உள்ளது. அதன் குறைபாடு, கைவினைச் சமூகங்களின் உள்ளே இயங்கும் பொருளாதார உறவுகளைப் போதிய அளவு நோக்காமையிலே உள்ளது. வாழ்க்கை நெறியும் விற்பனைக்கு உரியதாகும்போது நிகழ்வதென்ன என்பதை ஆராய்வதற்கு நாம் அவரைக் கடந்து செல்லவேண்டியுள்ளது.

5

ஆமிஷ் மக்கள் பெருந்தொகையாகத் தளபாட உற்பத்தியில் இறங்கியமை, பழைய மரபின் தொடர்ச்சி என்பதைவிட நிலப் பிரச்சினையின் விளைவு என்பதே பொருத்தமாகும். பல பிள்ளைகளைக் கொண்ட குடும்பங்களின் தொகை ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை இரட்டித்து வந்துள்ளது. விளைநிலத்தின் விலையோ, சுற்றுலாவும் நகர விரிவும் காரணமாக ஏறிக்கொண்டே சென்றது. எல்லா மக்களுக்கும் நிலம் வழங்க இயலாத நிலையில், 1970கள் தொடக்கம் சிறு பட்டறைகள் வேகமாகப் பெருகின. வெளியார் தொழிற்சாலைக்குத் தகப்பன் மதிய உணவுப் பெட்டியோடு செல்வது குடும்பத்தைச் சிதைக்கும் என்னும் அச்சம் மூத்தோரிடையே நிலவியது. எனவே, வீட்டை அடுத்த பட்டறை நிலத்துக்கு மாற்றாயிற்று. இன்று ஹோம்ஸ் மாவட்டத்திலும் அதன் அயலிலும் நூற்றுக்கணக்கான தளபாடப் பட்டறைகள் இயங்குகின்றன.

இப்பட்டறைகளில் உளியும் சீவுளியும் மட்டுமே இருக்கும் என எண்ணுதல் தவறு. பொது மின்வலைப்பின்னலோடு இணைதலை விதி தடுக்கின்றது. இயந்திரத்தை முற்றாகத் தடுக்கவில்லை. பட்டறையின் புறத்தேயுள்ள டீசல் இயந்திரம், நீண்ட சுழல்தண்டு வழியாகவோ, அழுத்தக் காற்று அல்லது எண்ணெய் அழுத்தத்தின் வழியாகவோ, வட்ட வாளையும் சீவும் இயந்திரத்தையும் இயக்குகின்றது. மின்மோட்டாரைக் கழற்றிவிட்டு அழுத்தக் காற்றால் இயங்குமாறு கருவிகளை மாற்றுவதே தனித்தொழிலாக வளர்ந்துள்ளது. வார்னிசும் அழுத்தக் காற்றாலேயே விசிறப்படுகின்றது. மூட்டுக்களைப் பொருத்துதல், பலகைகளை நிறமும் வரியும் பார்த்துத் தேர்தல், இறுதியாக உராய்ந்து மினுக்குதல் ஆகியவற்றிலே கையின் பங்கு குறிப்பிடத்தக்கது. ஆயினும் முழுமையான கைவேலை என்பது விளம்பரத்தின் கூற்றேயாகும்.

உற்பத்தி அமைப்பும் கவனத்துக்குரியது. ஒரு பட்டறை கதிரைகளை மட்டும் செய்யும், இன்னொன்று மேசைகளை, மற்றொன்று வளைத்த மர உறுப்புக்களை, வேறொன்று பிறர் செய்தவற்றுக்கு வார்னிசு பூசும். மார்க்ஸ் 'மூலதனம்' முதலாம் பாகத்திலே கைத்தொழிற்பட்டறை உற்பத்தியை விளக்குகையில், பலவிடங்களிற் செய்யப்படும் உறுப்புக்கள் ஓரிடத்தில் இணைந்து கைக்கடிகாரமாவதை எடுத்துக்காட்டினார். அத்தகைய பரவலான தொழிற்பிரிவினையே இங்கும் செயற்படுகின்றது. முடிந்த பொருளைத் தொலைவிலுள்ள நகரங்களிலும் இணையத்திலும் விற்பவர்கள் பெரும்பாலும் வெளியார். விளம்பரச் சொற்களை எழுதுவோரும் அவர்களே. கிராமியக் கைத்தொழிலாளர் வணிகரைச் சார்ந்து நிற்கும் நிலையை லெனின் 1899 இல் ரஷ்ய முதலாளித்துவ வளர்ச்சி பற்றிய ஆய்விலே விளக்கினார். ஆமிஷ் பட்டறை உரிமையாளர் அந்த அளவுக்குச் சார்புநிலையில் இல்லை. கருவியும் கட்டடமும் அவருடையன. விலை பேசும் வலுவும் ஓரளவு அவரிடம் உண்டு. எனினும் அவர் உலகச் சந்தைக்குப் புறம்பானவரல்லர். சீனா 2001 இல் உலக வர்த்தக அமைப்பிற் சேர்ந்தபின், மலிவான தளபாடங்களின் வருகையால் வட கரோலினா, வேர்ஜீனியா மாநிலங்களின் தொழிற்சாலைகள் பல மூடப்பட்டன. 2005 இல் சீனப் படுக்கையறை மரத்தளபாடங்கள்மீது அமெரிக்க அரசு எதிர்ப்பு வரி விதித்தது. பெருந்தொழிற்சாலைகள் வீழ்ந்த அச்சூழலிலே, நீண்டகாலம் உழைக்கும் திண்மரப் பொருள் என்னும் இடத்தை ஆமிஷ் பெயர் கைப்பற்றிக்கொண்டது.

பட்டறை பெருகியதும் கூலியுழைப்பும் பெருகியது. இதனை வெளிக்கொணர்ந்தது ஒரு தச்சுப் பட்டறை வழக்கே. ஆமிஷ் மக்கள் தம் முதியோரையும் நோயாளரையும் தாமே பேணுவர் என்பதால், சுயதொழில் செய்வோருக்குச் சமூகப் பாதுகாப்பு வரியிலிருந்து 1965 இல் விலக்களிக்கப்பட்டது. பென்சில்வேனியாவிலே விவசாயமும் தச்சுத் தொழிலும் செய்த ஆமிஷ் முதலாளி ஒருவர், தம்மிடம் வேலைசெய்த ஆமிஷ் தொழிலாளருக்காகவும் அவ்வரியைச் செலுத்த மறுத்தார். ஐக்கிய அமெரிக்கா எதிர் லீ என அறியப்படும் அவ்வழக்கிலே, முதலாளிக்கு அவ்விலக்கு இல்லையென 1982 இல் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1988 இல் சட்டம் திருத்தப்பட்டு, ஆமிஷ் முதலாளியிடம் பணிபுரியும் ஆமிஷ் தொழிலாளருக்கும் விலக்கு விரிந்தது. 2004 இல் இன்னொரு திருத்தம், பதினான்கு முதல் பதினெட்டு வயது வரையான இளைஞர் மரத்தொழிற் கூடங்களிலே பெரியோரின் மேற்பார்வையிற் பணிபுரிய இடமளித்தது. இயந்திரங்களை இயக்குவதை மட்டும் தடுத்தது. எட்டாம் வகுப்போடு பள்ளிக் கல்வி முடியும் சமூகத்திலே அவ்விளைஞர் பயிலும் இடம் பட்டறையே. சமயக் காரணங்களால் தொழிற்சங்கத்திற் சேராத தொழிலாளருக்கு, அரச காப்புறுதியும் இல்லாதவிடத்து, எஞ்சும் பாதுகாப்பு முதலாளியும் அங்கம் வகிக்கும் சபையின் பரஸ்பர உதவியே. அது மெய்யான உதவி. ஆனால் தொழிலாளியின் உரிமை என்பதினின்று அது வேறானது. ஒரே வாங்கில் அருகருகே அமரும் இருவருள் ஒருவர் பட்டறைக்கு உடையவராகவும் மற்றவர் கூலிபெறுபவராகவும் இருக்கும் நிலையை அவ்வாங்கு மறைத்துவிடுகின்றது.

6

இதுவரை கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, ஆமிஷ் தளபாடத்தை வாங்குவோர் உண்மையில் எதற்கு விலை கொடுக்கின்றனர் என்பது தெளிவாகும். வடிவம் பிறருடையது, வேலைமுறை ஓரளவே வேறானது. மரத்தின் திண்மையும் மூட்டின் உறுதியும் மெய்யானவை. அவற்றுக்குமேல் விற்கப்படுவது ஒரு சமூக உறவு பற்றிய எண்ணமாகும். அவசரமற்ற, அந்நியமாகாத, செய்பவரின் முகம் தெரிந்த உழைப்பு எங்கோ இன்னும் நிலவுகின்றது என்னும் நம்பிக்கையே அது. தம் சொந்த வேலைத்தலத்தில் இழந்ததை நகர மாந்தர் தம் உணவு மேசையிலே தேடுகின்றனர். பண்டம் சமூக உறவுகளை மறைப்பது என மார்க்ஸ் காட்டினார். இங்கே பண்டம் ஒரு சமூக உறவைப் பறைசாற்றிக்கொண்டே இன்னொன்றை மறைக்கின்றது. செருக்கைத் தவிர்ப்பதற்காக விதிக்கப்பட்ட எளிமை, வாங்குபவர் வீட்டிலே தனிச்சிறப்பைக் காட்டும் அலங்காரமாக மாறுவதும் இதன் விளைவே.

ஆயினும் அவ்வெண்ணத்துக்கு அடித்தளமான ஓர் உண்மை உண்டு என்பதை மறுத்தல் நேர்மையாகாது. எந்த இயந்திரத்தை ஏற்பது, அதனை எதனால் இயக்குவது, பட்டறை எவ்வளவு வளரலாம் என்பவற்றை இம்மக்கள் கூடிப் பேசி முடிவுசெய்கின்றனர். வளர்ச்சி மிகுந்த பட்டறையைப் பிரிக்குமாறோ விற்குமாறோ சபை உடைமையாளரை நெருக்குவதும் உண்டு. உற்பத்திச் சக்திகளின் வளர்ச்சியை மனிதர் தம் வாழ்க்கைத் தேவைக்கேற்ப நெறிப்படுத்தலாம் என்பதற்கு இது ஒரு சிறிய, குறுகிய, ஆனால் நடைமுறையில் உள்ள சான்று. அதன் குறுக்கமும் வெளிப்படையானது. அம்முடிவைக் கட்டுப்படுத்துவது சமய அதிகாரம்; பெண்கள் சபைத் தலைமையில் இடம்பெறுவதில்லை; ஞானஸ்நானம் பெற்றபின் விதியை மீறுவோர் விலக்கிவைக்கப்படுகின்றனர்.

எனவே, முற்போக்கு நோக்குடைய ஆய்வாளருக்கு இருவகை எளிய முடிவுகளும் போதா. கைவினைச் சமூகத்தை இழந்த பொற்காலத்தின் எச்சமாகப் போற்றுவது, பட்டறையினுள்ளே உருவாகும் வர்க்க வேறுபாட்டைக் காணத் தவறும். அதனை வெறும் விளம்பர மோசடியெனத் தள்ளுவது, இயந்திரத்தின்மீது மனிதர் கூட்டாகச் செலுத்தும் கட்டுப்பாடு என்னும் பெரிய வினாவைத் தவறவிடும். மரபுக் கைவினை எதுவாயினும், அதன் கோலத்தையும் வடிவத்தையும் விவரிப்பதோடு நில்லாது, கருவியைத் தெரிவுசெய்பவர் யார், பட்டறையின் உடைமையாளர் யார், கூலிபெறுபவரின் முதுமைக்குப் பொறுப்பு யார், அப்பொருளின் பெயரைச் சூட்டி விற்பவர் யார் என்பனவும் ஆராயப்படவேண்டும். கைவினை பற்றிய ஆய்வு சமூக வரலாற்றின் பகுதியாக வளர்வதற்கு இவ்வினாக்கள் இன்றியமையாதன.